குளத்துக் கரை யாருக்குச் சொந்தம்?

மழைக்காலம் வந்துட்டா டிவியில் அடியில் ஒரு வரி ஓடும்: ‘குளம் உடைந்து ஊருக்குள் வெள்ளம்’. எந்தக் குளம்னு பேர் போடுவாங்க. எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அந்தக் கரை யாரோடதுன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் லேசில் பதில் கிடைக்காது. நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரயில் கம்பெனி இதே கேள்வியோட லண்டன் வரைக்கும் போயிருக்கு. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி குளம்னா என்னன்னு சொல்லிடுறேன். வட மாவட்டத்துக்காரங்க ஏரின்னு சொல்றதைத்தான் திருநெல்வேலிச் சீமையில் குளம் என்கிறோம். கோயில் தெப்பக்குளம் மாதிரி படிக்கட்டு எல்லாம் இருக்காது. சரிவான நிலத்தில் பிறை மாதிரி ஒரு மண் கரை. மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும், பள்ளத்துப் பக்கம் கரை நிக்கும். அதாவது ஒவ்வொரு குளமும் ஒரு சின்ன மண் அணை. தமிழ்நாட்டில் இந்த மாதிரி 39,000-க்கு மேல் இருக்குன்னு அரசாங்கக் கணக்கு சொல்லுது.

எங்க பத்தமடை கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கல்லிடைக்குறிச்சி பக்கம் தாமிரபரணியில் அணைக்கட்டு. அங்கிருந்து கால்வாய் கிளம்பி வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, கோபாலசமுத்திரம் என்று வழியெல்லாம் வயலையும் குளங்களையும் நிரப்பிக்கொண்டு போகும். சுமார் 12,500 ஏக்கர் ஆயக்கட்டு. கன்னட தேசத்தில் இருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி தன் கையில் இருந்த செல்வத்தை எல்லாம் போட்டு வெட்டினது என்று கதை சொல்வார்கள். எங்க ஊர்ப் பேருக்கே ‘பத்து மடை’ன்னு பெரியவங்க அர்த்தம் சொல்லுவாங்க.

ஒரு குளத்துக்கு மூணு உறுப்பு முக்கியம். முதலாவது கரை. ரெண்டாவது மடை, கரைக்கு அடியில் தண்ணியை வயலுக்கு விடுற வழி. மூணாவது கலுங்கு. குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி கல் கட்டின அந்த இடத்து வழியா வெளியே போகணும். அதைத்தான் ‘மறுகால் பாயுது’ன்னு சொல்றோம். அந்தத் தண்ணி அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைஞ்சு அதுக்கும் கீழ இருக்கிற குளத்துக்கு. சங்கிலி மாதிரி. நல்ல காலத்தில் இந்தச் சங்கிலி தண்ணியைக் கீழே கடத்தும். மேலே ஒரு குளம் உடைஞ்சா அதே சங்கிலி ஆபத்தைக் கடத்தும். மேல் குளத்துத் தண்ணி மொத்தமும் கீழ்க் குளத்துமேல் வந்து விழும்.

மண் கரை பெரும்பாலும் மூணு வழியில்தான் உடையும். ஒண்ணு, தண்ணி கரை மேலேயே ஏறி வழியுறது. கல் அணை மேல தண்ணி வழிஞ்சா தாங்கும், மண் கரை தாங்காது. வெளிச்சரிவு கரைஞ்சு போகும். கலுங்கு அடைபட்டுக் கிடந்தா இதுதான் நடக்கும். ரெண்டாவது, உள்ளுக்குள்ளேயே அரிப்பு. மடைக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில, எலி வளை, நண்டு வளை, செத்துப்போன மரத்தோட வேர் போன பாதை, இப்படி ஒரு வழி கிடைச்சா போதும். மூணாவது, ஊறிப்போன கரை சரிஞ்சு விழுறது. மூணுக்குமே மருந்து பெரிய இன்ஜினியரிங் இல்லை. கரையில் யாராவது நடக்கணும், அவ்வளவுதான். கசியுற தண்ணி தெளிவா இருந்தா கவனிச்சா போதும். கலங்கலா வந்தா கரை உள்ளே கரையுதுன்னு அர்த்தம்.

அப்படி நடக்கிறவர் யார்? பழைய காலத்தில் இதுக்குப் பதில் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. பராந்தக சோழன் காலம், 919, 921 ஆகிய வருஷங்கள். அங்கே தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒண்ணு ஏரி வாரியம். எங்க பக்கம் மடையைத் திறந்து அடைக்க, கரையைப் பார்க்க, மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று ஆள் இருந்தது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் பங்கு உண்டு. பழைய கல்வெட்டுகளில் தானம் கொடுத்த ராஜாவே, ‘இந்தத் தர்மத்தைக் காப்பாத்துறவன் பாதம் என் தலைமேல்’ என்கிற அர்த்தத்தில் வெட்டி வைச்சிருப்பார். அதை நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். வெட்டினவனைவிடக் காப்பாத்துறவன் ஒருபடி மேல.

ஆனா எல்லாம் பொன்னா இருந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஊர் கூடிக் குளம் பராமரிக்கிறதைக் குடிமராமத்துன்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் 1858-ல் இதை ஒரு சட்டத்துக்குள்ள கொண்டு வந்தான். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம்னு பேர். கரை உடையுற ஆபத்து வந்தா கூலிக்கு உழைக்கிற ஆட்களைக் கட்டாயமாக் கூப்பிடலாம், கூலி கொடுக்கணும். ஊர் வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்துக்கு வராதவன்கிட்ட அந்த வேலையோட மதிப்பில் ரெண்டு மடங்கு வசூல் பண்ணலாம். ராத்திரி மழையில் கரையில் நிக்கச் சட்டம் கூப்பிட்டது உழைப்பாளி வர்க்கத்தைத்தான். நிலம் ஒருத்தருக்கு, நனையுறது இன்னொருத்தர். குடிமராமத்தைப் பெருமையாப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

இப்போ வழக்குக்கு வருவோம். இன்றைய ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் என்று ஒரு ஊர். அன்னைக்குச் சென்னை மாகாணத்தில் பெரிய ஜமீன். அந்த ஜமீனுக்குள் இருந்த ரெண்டு குளம் பெருமழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையையும் கட்டுமானங்களையும் அடித்துக்கொண்டு போனது. கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. உன் குளம், உன் தண்ணி, நஷ்டத்தை நீதான் கட்டணும்.

அவங்க கையில் ஒரு பலமான ஆயுதம் இருந்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு மில் முதலாளி தன் மில்லுக்கு நீர்த்தேக்கம் கட்டியிருந்தார். 1860-ல் அந்தத் தண்ணி பழைய சுரங்க வழியாப் புகுந்து, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடிச்சது. 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு: ஆபத்தான ஒரு பொருளைத் தன் சொந்த லாபத்துக்காக இயற்கைக்கு மாறா நிலத்தில் கொண்டு வந்து சேர்த்து வைக்கிறவன், அது தப்பிப் போய் அடுத்தவனுக்குக் கெடுதல் பண்ணினா பொறுப்பு ஏற்கணும். அவன் கவனமா இருந்தானா இல்லையாங்கிற கேள்வியே கிடையாது. ரைலண்ட்ஸ் - ஃபிளெட்சர் வழக்குன்னு இன்னைக்கும் சட்டக் கல்லூரியில் முதல் பாடம் மாதிரி நடத்துறாங்க.

இந்தத் தீர்ப்பை நம்பித்தான் ரயில் கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1874-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனி தோற்றது. ஏன்னு கேட்டா அதில்தான் விஷயம் இருக்கு. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது: இந்தியாவின் குளங்கள் ஒருத்தர் தன் லாபத்துக்காகக் கட்டிவிட்ட நீர்த்தேக்கம் அல்ல. நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இருந்து வரும் நாட்டின் பாசன ஏற்பாட்டில் அவை ஒரு பகுதி. மக்களில் பெரும்பகுதி அதை நம்பிப் பிழைக்கிறது. ஜமீன்தார் நினைச்சாலும் குளத்தைத் தூர்த்துவிட முடியாது, காப்பாத்துற கடமை அவருக்கு உண்டு. அப்படிக் கடமையைச் செய்கிறவர், கவனக்குறைவாக இருந்தால் மட்டுமே நஷ்டத்துக்குப் பொறுப்பு. இந்த வழக்கில் கவனக்குறைவு நிரூபணம் ஆகவில்லை.

பாதிக்கப்பட்டவங்க பக்கம் நின்னு பார்த்தா இந்தத் தீர்ப்பு கசக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய உண்மை இருக்கு. குளம் உனக்குச் சொந்தம்னு சொன்னா அர்த்தம், அதை நீ என்ன வேணாலும் பண்ணலாம்ங்கிறது இல்லை. அதை நீ காப்பாத்தணும்ங்கிறதுதான். சொந்தம் வேற, கடமை வேற இல்லைன்னு லண்டன்ல உக்காந்து சொல்லியிருக்கான். நம்ம கதையில் அதுக்கு அப்புறம் நடந்தது எல்லாம் இந்த ரெண்டையும் பிரிச்சதுதான்.

பிரிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கு. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை. மாநில அரசு படகுக் கால்வாய்க்காகக் கட்டினது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாம, அணை ரயில் கம்பெனி கைக்குப் போச்சு. அங்கிருந்து ஒரு தனி ஆளுக்கு. அடியில் தண்ணியை வெளியேத்துற இரும்புக் குழாயெல்லாம் கழட்டிப் பழைய இரும்பா வித்தாச்சு, திரும்பப் போடவே இல்லை. கடைசியில் வாங்கினது பணக்காரர்களோட மீன்பிடி, வேட்டை கிளப். ஆண்ட்ரூ கார்னகி மாதிரி கோடீஸ்வரர்கள் அதில் உறுப்பினர். கரை மேல வண்டி போறதுக்கு அகலம் வேணும்னு கரை உயரத்தைக் குறைச்சாங்க. மீன் தப்பிப் போகக் கூடாதுன்னு மறுகால் வழியில் கம்பித் தடுப்பு வைச்சாங்க. 1889 மே 31-ம் தேதி பெருமழை. தடுப்பில் குப்பை சேர்ந்து அடைச்சது, தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சது, அணை போச்சு. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். கிளப்பிடம் கோர்ட்டில் ஒரு காசு வாங்க முடியவில்லை.

இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த மீன் தடுப்புதான். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவங்க மறுகால் பாயும்போது கலுங்கில் வலை கட்டுறதை எங்க பக்கம் யார் வேணாலும் பார்க்கலாம். ஆகாயத்தாமரையும் குப்பையும் வந்து அதில் மோதி நிக்கும். இன்னொரு பக்கம், பிசானத்துக்கு இன்னும் அரை அடி தண்ணி கிடைக்கட்டும்னு கலுங்கு மேல மண் மூட்டை அடுக்குற விவசாயியும் உண்டு. குளத்து உள்வாயில் பட்டா வச்சிருக்கிறவர், தன் பயிர் முங்கக் கூடாதுன்னு கரையையே வெட்டிவிடப் பார்ப்பார். ஆளுக்கு ஒரு லாபம். கரைக்குன்னு பேச ஆள் இல்லை.

நம்ம ஊரில் சொந்தம் எப்படிக் கை மாறினதுன்னு பார்ப்போம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலத்தைப் பொறுத்தவரைக்கும் அது பெரிய நியாயம், அதில் எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஜமீன் போனதோட ஜமீன் குளங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. இன்னைக்கும் ரிக்கார்டில் ‘எக்ஸ் ஜமீன் குளம்’ என்றே ஒரு வகை இருக்கு. பொதுவா 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் பொதுப்பணித் துறையிடம். இப்போ அது நீர்வளத் துறை. அதுக்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். குளத்து எல்லையும் பட்டாவும் ஆக்கிரமிப்பும் வருவாய்த் துறை பார்வை. மீனுக்கு ஒரு குத்தகை, கரையில் நிக்கிற மரத்துக்கு ஒரு ஏலம். போதாததுக்குத் தனியார் பட்டாவில் கிடக்கிற குட்டைகள், தோட்டத்துக்காரங்க சொந்தமா எழுப்பின கரைகள். எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கு. மழை ராத்திரியில் கரையில் நடக்க வேண்டியவர் யாருன்னு மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. மடைக்குடும்பனுக்குக் களத்து நெல் நின்ன அன்னைக்கே அந்த வேலையும் பல ஊர்களில் நின்னு போச்சு.

பொதுப்பணித் துறையும் ஒன்றியமும் கரையை உயர்த்தினது உண்டு, மறுக்கல. 2017-ல் குடிமராமத்துங்கிற பேரிலேயே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் 10 சதவீதம் பாசனக்காரங்க பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ. பல குளங்களில் நல்லாவே தூர் வாரினாங்க. ஆனா தூர் வாருறது ஒரு தடவை நடக்கிற வேலை, கரை பார்க்கிறது தினசரி வேலை. முதலாவதுக்குப் பில் போடலாம். ரெண்டாவதுக்கு என்ன பில் போடுவீங்க?

ஒரே ஒரு இலாகா மட்டும் குளத்தை மறக்கலை. ரயில்வேதான். ஐதராபாத் பக்கம் வலிகொண்டா என்று ஒரு ஊர். 2005 அக்டோபர் 29 விடியற்காலை, மேலே ஒரு சின்னக் குளம் உடைஞ்சு வந்த வெள்ளத்தில் ரயில் பாலம் போய், பாசஞ்சர் ரயில் கவிழ்ந்து 110 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் பாதைக்கு மேட்டில் எந்தக் குளம் உடைஞ்சா பாதைக்கு ஆபத்துன்னு ரயில்வேகிட்ட ஒரு பட்டியல் உண்டு. மழைக்கு முன்னாடி மாநில அதிகாரிகளோட சேர்ந்து அந்தக் குளங்களைப் போய்ப் பார்வையிடுகிற வழக்கம் இருக்கு. குளம் அவங்களோடது இல்லை. உடைஞ்சா சாவு அவங்க தண்டவாளத்தில் விழும்னு தெரியும், அதனால பார்க்கிறாங்க. கார்வேட்டிநகரம் வழக்கில் தோத்த ரயில்வே, நஷ்டம் கேட்கிறதை விட முன்கூட்டிப் போய்ப் பார்க்கிறதே மேல்னு கத்துக்கிட்டதா நான் எடுத்துக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்க ரெண்டு மாவட்டத்திலும் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் குளம் குளமா உடைஞ்சது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்னு, நூத்துக்கணக்கான பேர் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க.

அந்த ராத்திரி எங்க பக்கத்துச் சின்னக் குளம் ஒண்ணில், மடைக்குக் கீழே வெளிச்சரிவில் கலங்கல் தண்ணி வர ஆரம்பிச்சது. டார்ச் லைட்டோட நாங்க பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நம்பருக்குப் போட்டா, “அது எங்க லிஸ்ட்ல இல்ல, அங்க கேளுங்க” என்றார்கள். அடுத்த நம்பரில் மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. இளவட்டங்க மண் மூட்டையைத் தூக்கிக் கசிவு வாயில் திணிக்கப் போனாங்க. எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர், முன்ன மடை பார்த்தவர், அதட்டினார்: “ஏலே, வாயை அடைக்காதீய. அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கிட்டு வரும். சுத்திக் கட்டுங்கலே.” கசியுற இடத்தைச் சுத்தி கிணத்து வளையம் மாதிரி மூட்டை அடுக்கி, உள்ளே சரளைக் கல் கொட்டினோம். வளையத்துக்குள்ள தண்ணி மட்டம் ஏற ஏற, எதிரழுத்தம் கிடைச்சு மண் வெளியேறுறது குறைஞ்சது. விடியும்போது தெளிஞ்ச தண்ணி வந்தது. கலுங்கில் சிக்கியிருந்த வலையையும் குப்பையையும் ரெண்டு பேர் அரிவாளால் அறுத்துவிட்டாங்க. கரை நின்னது.

அவருக்கு அப்புறம் அந்த வித்தை எங்க ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் மகன் தலைமுறையில் விரல் விட்டு எண்ணிடலாம்.

சரி, அணைப் பாதுகாப்புக்குச் சட்டம் இருக்கேன்னு நீங்க கேக்கலாம். 2021-ல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசர காலத் திட்டம், சொந்தக்காரர் பொறுப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனா அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைக்கு. 10 மீட்டருக்கும் 15-க்கும் இடையில் இருந்தா நீளம், கொள்ளளவு மாதிரி சில நிபந்தனையோட. எங்க பக்கத்துக் குளத்துக் கரை பலதும் ரெண்டு ஆள் உயரம்கூட இருக்காது. பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் அந்தச் சட்டத்தோட கண்ணில் படும். அதுக்குக் கீழே சங்கிலியாக் கிடக்கிற எங்க குளம் ஒண்ணும் படாது. சின்ன அணைதானேன்னு நினைக்கலாம். ஆனா பெரிய அணைக்குக் கீழே சைரன் இருக்கு, சின்ன அணைக்குக் கீழே வீடுதான் இருக்கு.

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு குளத்துக் கலுங்குச் சுவரிலும் பெயின்டில் மூணு வரி எழுதணும்: குளத்துப் பேர், அது எந்த அலுவலகத்துப் பொறுப்பு, ராத்திரியில் எடுக்கிற ஒரு போன் நம்பர். ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் கரை நடக்க ஊருக்குள்ளேயே ஒரு ஆள், அவருக்கு மாசச் சம்பளம். மறுகால் பாயும்போது கலுங்கில் வலையோ மூட்டையோ இருக்கக் கூடாதுன்னு மீன் குத்தகைப் பத்திரத்திலும் பாசன சங்கத் தீர்மானத்திலும் ஒரு வரி. தனியார் பட்டாவில் கரை எழுப்பினவருக்கும் இதே விதி, என் தோட்டத்துக்குள்ள கட்டினது எனக்கு மட்டும்தான்னு பேச முடியாது. உடைஞ்சா தண்ணி பட்டா பார்த்துப் போகாது.

டவுனில் இருந்து படிக்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பிளாட் வாங்கப் போகும்போது ரோடு எத்தனை அடி, தண்ணி உப்பா இனிப்பான்னு கேக்கிறீங்க. கூடவே, மேட்டுப் பக்கம் எந்தக் குளம் இருக்கு, அதோட மறுகால் ஓடை எது வழியாப் போகுதுன்னும் கேளுங்க. புரோக்கருக்குத் தெரியாது. பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்க, கையை நீட்டிக் காட்டுவார்.